ஒண்ணு பத்துக்கு வர்ற குரல்

இப்ப நீங்க பேசினீங்களே அம்மிணி, போனை வாய்க்கு முன்னால பிஸ்கட்டுத் திங்கற மாதிரி புடிச்சுக்கிட்டு, அது அந்தப் பக்கம் ஆளு இருந்து கேக்கறதில்லைங்களே? பேசி அனுப்பறது. அவியளுக்கு நேரம் கெடைக்கறப்பக் கேட்டுக்குவாங்க. தெரியுமுங்க. கேட்டதுக்குத் தப்பா நெனைச்சுக்காதீங்க. நான் ஒட்டுக் கேக்கற ஆளு இல்லீங்க. எதிர் சீட்டுல உக்காந்திருக்கறம், காதுல வந்து உழுகுது. உங்க தங்கச்சி மாமியாருக்கு முட்டி வலின்னு சொன்னீங்க, பொறகு முருங்கைக்கீரைன்னு சொன்னீங்க. அவ்வளவுதான் கேட்டனுங்க.

எம்பேரு சென்னியப்பனுங்க. ஈங்கூர்ல ஏறினேன், கோயமுத்தூர் போறேன். இந்தப் பையில இருக்கறது பிரிண்டரு. பெருந்துறைக்குப் பக்கத்துல ஒரு எடை மேடையில பதினெட்டு வருசமா இருக்கறனுங்க. லாரி வந்து மேடை மேல ஏறி நிக்கும், எடை பாத்துச் சீட்டுக் கிழிச்சுக் குடுக்கறது. அந்தச் சீட்டு அடிக்கற மிசினு நின்னு போச்சு. அதைத்தான் தூக்கிக்கிட்டுப் போறேன். நீங்க எங்க எறங்கறீங்க? திருப்பூருங்களா. அப்பச் செரி. இன்னும் நேரமிருக்குது.

எதுக்குக் கேட்டேன்னா, என்ற ஊட்டுக்காரியும் இப்படித்தானுங்க பேசுவா. பேசுவான்னு சொன்னது முந்தி. இப்ப இல்ல. இந்தா, என்ற சட்டைச் சோப்புல ரெண்டு போன் இருக்குது பாருங்க. கருப்பு என்னோடது. இந்தச் செவப்பு உறை போட்டது அவளோடது. பூப் போட்டிருக்குதுன்னு ஆராவது சிரிப்பாங்கன்னு பின்னால திருப்பி வெச்சுக்கறது.

ஆம்பளைக்குப் போனு எதுக்குங்க? "எங்க இருக்கற? செரி. வெச்சர்றேன்." முடிஞ்சுது. நான் இருபது வருசமா போன் வெச்சிருக்கறேன், ஒரு நிமிசத்துக்கு மேல ஒருத்தர்கிட்டயும் பேசினதில்லீங்க. நின்னுக்கிட்டே பேசுவேன், நடந்துக்கிட்டே வெச்சுருவேன். அப்பறம் வீடியோ பாப்பேன். எங்க ஆளுக குரூப்புல ரோசாப்பூப் படம் வெச்சு காலை வணக்கம் போடுவேன். நான் போட்டா நாப்பது பேரு திருப்பிப் போடுவாங்க. அது ஒரு மரியாதைங்க. ஆனா பொம்பளைங்களுக்குப் போன் கெடைச்சா வேற மாதிரி. அவிய உக்காந்துக்குவாங்க. உக்காந்துட்டாலே தெரியும், இனி எந்திரிக்க மாட்டாங்கன்னு. என்ன கொழம்பு, பக்கத்து ஊட்டுல என்ன சத்தம், எந்தச் சீலைக்கு எந்த ரவிக்கை. இதுல தகவல்னு ஏதாவது இருக்குதுங்களா?

துளசிமணி, அதான் என்ற ஊட்டுக்காரி பேரு, அஞ்சாவது வரைக்கும்தானுங்க. எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. பத்து வருசம் என்ற பழைய பட்டன் போன்தான் அவகிட்ட இருந்துச்சு. அலமாரியில கெடக்கும். அடிச்சா எடுப்பா, "அவிய வேலைக்குப் போயிருக்கறாங்க"ன்னு சொல்லி வெச்சுருவா. எல்லாம் என்னைக் கேட்டு வர்ற போன்தான். அவளைக் கேட்டு ஆரு பண்றாங்க?

எங்களுக்கு ஒரே புள்ளைங்க. கோகிலவாணி. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில தரம் பாக்கற வேலை, ஆஸ்டல்ல இருந்தா. மொதச் சம்பளத்துல அவிய அம்மாளுக்கு இந்தப் போனை வாங்கிக் குடுத்தா. எனக்கு வாங்கலைங்க. என்கிட்டத்தான் இருக்குதே. நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கலை.

ஒரே வாரத்துல படிச்சுக்கிட்டாளுங்க துளசிமணி. எழுத வராதில்ல, அதனால இந்த அமுத்திப் பேசறதைப் புடிச்சுக்கிட்டா. நம்பரெல்லாம் தெரியாது. புள்ள மூஞ்சிப் படம் வட்டமா வரும் பாருங்க, அதைத் தொடுவா, அமுத்துவா, பேசுவா. அடுப்படியில நின்னுக்கிட்டுக் கடுகு வெடிக்கற சத்தத்தை அனுப்புவாளுங்க. "இந்தச் சத்தம் வந்தப்பறந்தான் வெங்காயம் போடோணும்"னு சொல்லி அனுப்புவா. எனக்குச் சிரிப்பாக்கூட வரும். ஒருநாளு, அது எந்த எடத்துல அமுத்தறதுன்னு அவகிட்டக் கேக்கலாமின்னு நெனைச்சேன். கேக்கலைங்க. அஞ்சாவது படிச்சவகிட்டப் போயி அதை எப்படிக் கேக்கறது.

போன வைகாசியில புள்ள கண்ணாலம் பண்ணிக்கிட்டா. ரிஜிஸ்தர் ஆபீசுல. பையன் அதே கம்பெனி, விருதுநகர்ப் பக்கம், எங்க ஆளுக இல்ல. அவனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வரலைங்க. நல்லவனாக்கூட இருக்கலாம். நான் பாத்ததில்லை. மாலையும் கழுத்துமா ரெண்டு பேரும் வந்து வாசல்ல நின்னாங்க. நான் கதவைத் தொறக்கலை. இந்தப் படி இனி ஏறக்கூடாதுன்னு உள்ள இருந்தே சொன்னேன். போயிட்டாங்க.

அன்னைக்குத்தானுங்க துளசிமணிகிட்டப் போனை வாங்கினேன். எல்லாம் போன்னால வந்ததுதானே. தெனமும் ஒரு மணி நேரம் பேசறவளுக்கு இது தெரியாதாமா? தெரியாதுன்னு சொன்னா. நான் அடிக்கலைங்க. ஒரு கெட்ட வார்த்தை சொல்லலை. கையை நீட்டினேன், குடுத்துட்டா. பூட்டு இருந்துச்சு, இப்படிப் புள்ளி புள்ளியாக் கோடு போட்டுத் தொறக்கறது. எப்படின்னு கேட்டேன். அவ என்ற கையைப் புடிச்சு, உள்ளங்கையில விரல்ல கோடு போட்டுக் காட்டினா. மேலயிருந்து கீழ, கீழயிருந்து குறுக்க. காட்டிப்போட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

பேச வேண்டாமின்னு நான் சொல்லலைங்க. "ஆருகிட்டயாவது பேசோணுமின்னா என்ற போன்ல பேசிக்க, நான் பக்கத்துல இருக்கறப்ப"ன்னு சொன்னேன். இதுவரைக்கும் ஒருக்காக்கூடக் கேக்கலை. அப்ப அவளுக்கு அது வேண்டியதில்லைன்னுதானுங்களே அர்த்தம்? ஊடு இப்ப அமைதியா இருக்குது. குக்கர் சத்தம், டிவி சத்தம், அவ்வளவுதான்.

புள்ள ரெண்டு மூணு நாளு போன் பண்ணினா. அடிச்சு அடிச்சு ஓஞ்சுது, நான் எடுக்கலை. நாலாம் நாளு மத்தியானம், எடை மேடையில உக்காந்திருக்கறேன், ஒண்ணு பத்துக்கு டொய்ங்குன்னு ஒரு சத்தம். அவிய கம்பெனியில அது சோத்து நேரம். பேசி அனுப்பியிருக்கறா. அழிச்சர்லாமின்னுதான் எடுத்தனுங்க. எங்கயோ கை பட்டுப்போச்சு. "அம்மா, சாப்ட்டியா?"ன்னு கேக்குது. அவ்வளவு கிட்டக்க. பின்னால தட்டு வெக்கற சத்தம், நாலு புள்ளைங்க சிரிக்கற சத்தம். வெளிய ஒரு லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். அவன் அடிச்சது எனக்குக் கேக்கலை.

அதுலிருந்து தெனமும் ஒண்ணு பத்து. ஞாயித்துக்கெழமை மட்டும் முன்னப் பின்ன வரும். நான் ஒண்ணு அஞ்சுக்கே ரூமுக் கதவைச் சாத்திக்குவேன். காத்தாடியை நிறுத்திப்போடுவேன், சத்தம் தெளிவா இருக்கோணுமில்ல. கேட்டுப்போட்டுத்தான் சோத்துப் பையைத் தொறப்பேன். பழக்கந்தானுங்க, வேற ஒண்ணுமில்லை. எதையாவது எக்குத்தப்பாச் சொல்லி அவ அம்மா மனசைக் கலைக்கறாளான்னு ஒரு ஆளு பாக்கோணுமில்லைங்களா? அதுக்காகத்தான் இந்த நம்பருக்கு மாசா மாசம் நானே ரீசார்ஜும் பண்ணிப்போடறது.

அப்படி எக்குத்தப்பா அவ ஒண்ணும் சொன்னதில்லை. வாடகைக்கு ஊடு புடிச்சது, தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வர்றது, அந்தப் பையனுக்குக் காரம் ஆகாதுங்கறது. முந்தி இதெல்லாம் தகவலான்னு கேப்பேன். இப்ப நீங்க கேளுங்க, அவிய ஊட்டுக் கொழாய்ல என்னைக்குத் தண்ணி வரும்னு சொல்றேன். வியாழன், சனி, திங்கள்.

ஆடி மாசம் ஒருநாளு கேட்டா: "அம்மா, அரிசிம்பருப்புச் சோறு வெச்சேன், உன்னுது மாதிரி வரலை. எதை மொதல்ல போடறது, சொல்லேன்." எனக்கென்னங்க தெரியும்? முப்பது வருசமாத் திங்கறேன், அவ்வளவுதான். அன்னைக்குப் பொழுதோட ஊட்டுக்குப் போயி, தண்ணி குடிக்கற மாதிரி அடுப்படியில நின்னு, "அரிசிம்பருப்புக்கு எதை மொதல்ல போடுவ?"ன்னு கேட்டேன். துளசிமணி என்னைத் திரும்பிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்பறம் சொன்னா. எண்ணெயில சீரகம், பொறகு பூண்டு தட்டிப் போடறது, சின்ன வெங்காயம், தக்காளி கொழையோணும், பருப்பை அரிசிகூடவே ஊற வெக்கக்கூடாது. நிறுத்தி நிறுத்திச் சொன்னா. "ஞாபகம் இருக்குமுங்களா?"ன்னு கேட்டா. எனக்கு எதுக்கு ஞாபகம் இருக்கோணும்? ரெண்டு நாளு கழிச்சு, நான் செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கறேன், பின்னாலயே வந்து, "எறக்கறப்ப நெய் ஊத்தோணும், அதைச் சொல்ல மறந்துட்டேன்"னா. வயசாச்சுன்னா பொம்பளைங்க இப்படித்தானுங்க. எதையாவது தொடர்பில்லாமப் பேசுவாங்க.

புரட்டாசியில ஒருநாளு, குரலு சின்னதா வந்துச்சு. மூலையில போயி நின்னு பேசியிருப்பா போல. "அம்மா, நாளு தள்ளிப் போயிருக்குது. ஆஸ்பத்திரியில பாத்துட்டோம், அம்பது நாளாம். எனக்குப் பயமா இருக்குதும்மா. எதைத் தின்னாலும் வெளிய வருது. நீ ஒரு வார்த்தை பேசு." அன்னைக்கு நான் சோறு திங்கலைங்க. சும்மாத்தான், பசிக்கலை. ஒரு லாரிக்கு எடை தப்பாக் குறிச்சுட்டேன், பதினெட்டு வருசத்துல மொதத் தடவை.

பொழுதோட துளசிமணிகிட்ட, "லாரி டிரைவர் ஒருத்தன் சம்சாரம் மாசமா இருக்குதாமா, ஒண்ணும் தங்க மாட்டேங்குதாமா, என்ன குடுக்கறது?"ன்னு கேட்டேன். டிவி ஓடிக்கிட்டிருந்துச்சு. அவ எந்திரிச்சுப் போயி அமத்திப்போட்டு வந்து, என்ற முன்னால தரையில உக்காந்தா. அந்த அஞ்சு மாசத்துல அவ அத்தனை பேசி நான் பாக்கலை. நெல்லிக்காய் வாயில அடக்கோணும், பொரி திங்கோணும், வெறும் வயித்துல காப்பி குடிக்கக்கூடாது, பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காரக்கூடாது, ரெண்டாம் மாசம் பயமா இருக்கும், நாலாம் மாசம் எல்லாஞ் செரியாப் போயிரும். "பயப்படாதேன்னு சொல்லச் சொல்லுங்க"ன்னா. "அம்மா சொன்னாங்கன்னு சொல்லச் சொல்லுங்க"ன்னா. டிரைவர் சம்சாரத்துக்கு இவ எப்படீங்க அம்மா ஆவா? நான் சரி சரின்னு சொல்லி வெச்சேன்.

அதுக்குப் பொறகு அவளுக்குப் புதுசா ஒரு வேலை. பொட்டியில இருந்த பழைய நூல் சீலையெல்லாம் எடுத்து, வெந்நித் தண்ணியில போட்டு அலசி, வெயில்ல காய வெச்சு, சதுரஞ் சதுரமாக் கிழிச்சு மடிச்சு அடுக்கறா. முப்பது நாப்பது இருக்கும். என்னத்துக்குன்னு கேட்டேன், சும்மா ஊடு ஒழுங்கு பண்றேன்னா. செரி, பொழுது போகோணுமில்ல.

உங்களுக்குப் போரடிக்குதுங்களா அம்மிணி? இல்லைனாச் செரி.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நீங்க அனுப்பறீங்க பாருங்க, அதை அந்தப் பக்கம் கேட்டா, உங்க போன்ல ரெண்டு கோடு நீலமா வருமாமா? எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க. நான் பூப் படம் அனுப்பறவன், கோட்டையெல்லாம் ஆரு பாத்தா? துளசிமணிக்குத் தெரிஞ்சிருக்கும். அவ சொல்லலை. நானும் கேக்கலை.

தீவாளிக்கு மொதநாளு கடைசியா ஒண்ணு வந்துச்சு. மனப்பாடமா இருக்குதுங்க, சொல்றேன். "அம்மா, தெனமும் ஒண்ணு பத்துக்கு அனுப்பறேன். ஒண்ணு பதினொண்ணுக்கெல்லாம் நீலமா வந்துருது. அப்பா புடுங்கி வெச்சிருந்தாருன்னா கேக்க மாட்டாரு, அழிச்சுப்போடுவாரு. எனக்கு அவரைத் தெரியும். நீதான் கேக்கற. ஒரு நாளு விடாமக் கேட்டுட்டு, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கற. வயித்துல புள்ளைன்னு சொன்னேன், அதுக்கும் பேசலை. அப்பா கதவைச் சாத்தினாரு, அது தெரிஞ்சதுதான். நீ இப்படியிருப்பேன்னு நான் நெனைக்கலை. இனி உன்னைத் தொந்தரவு பண்ணலைம்மா."

அவ்வளவுதானுங்க. நாப்பத்தி மூணு நாளாச்சு. தெனமும் ஒண்ணு அஞ்சுக்குக் கதவைச் சாத்தறேன். ஒண்ணரைக்குத் தொறக்கறேன்.

இதுல துளசிமணி மேல தப்பு இல்லைங்களே. அவ கேக்கவே இல்லை. புள்ள அவளைப் போயி இப்படிச் சொல்லிப்போட்டா. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்குது. என்னைச் சொல்லட்டும், நான் அதுக்குத் தயார்தான்.

அதனால உங்ககிட்ட ஒரு உதவி. நீங்க பேசறப்பவே பாத்தேன், உங்களுக்குக் கொஞ்சம் கட்டைக் குரலு. துளசிமணிக்கும் அப்படித்தான். ரயிலு சத்தத்துல வித்தியாசம் தெரியாதுங்க. அஞ்சாறு வார்த்தை போதும். "கோகிலா, நல்லாருக்கறேன். பயப்படாதே. நாலாம் மாசம் வந்துருச்சு, இனிச் செரியாப் போயிரும்." இந்தாங்க, நானே பூட்டைத் தொறந்துட்டேன். அந்தா அவ மூஞ்சி. எங்க அமுத்தறதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

துளசிமணிகிட்டயே குடுத்தா என்னன்னுங்களா. குடுக்கலாந்தான். நானும் யோசிக்காம இல்லைங்க. தீவாளியன்னைக்கு எடுத்துக்கிட்டு அடுப்படி வரைக்கும் போனேன். அவ பலகாரம் எதுவும் போடாம உக்காந்திருந்தா. திரும்பி வந்துட்டேன்.

என்னன்னா அம்மிணி, குடுத்துட்டா அவிய ரெண்டு பேரும் பேசிக்குவாங்க. நல்லாப் பேசிக்குவாங்க. அப்பறம் ஒண்ணு பத்துக்கு எனக்கு ஆருங்க அனுப்புவா? அவ அப்பான்னு கூப்புட்டு ஒண்ணுகூட வரலை. அத்தனையும் அம்மா, அம்மாதான். அம்மான்னு சொன்னாலும், உக்காந்து கேட்டது நான்தானுங்களே. ஆஸ்டல்ல இருந்த மூணு வருசமும் அவ என்கிட்ட, "எங்க இருக்கற, செரி, வெச்சர்றேன்"தான். அவ சிரிக்கறப்ப மூக்கால ஒரு சத்தம் வரும்ங்கறதே எனக்கு இந்த ஆறு மாசத்துலதான் தெரியும்.

என்னங்க, என்ற பக்கமா நீட்டறீங்க? வேண்டாமுங்க. எனக்கு அது வராது. அமுத்திட்டீங்களா? ஓடுதுங்களா? நானா?

கோகிலா. ம். அப்பாதான். வண்டியில போயிக்கிட்டிருக்கறேன். பிரிண்டரு ரிப்பேரு. சீரகம் மொதல்ல போடோணும். அப்பறம் பூண்டு. சாப்ட்டியா? செரி. வெச்சர்றேன்.

விரலை எடுத்துட்டீங்களா. போயிருச்சுங்களா? நான் இன்னும் யோசிச்சுச் சொல்லியிருப்பனே. திருப்பி எடுக்க முடியாதுங்களா? முடியுமா. இருங்க, இருங்க, எடுக்க வேண்டாம். ரெண்டு கோடு வந்துருச்சு. மணி என்னங்க? ஒண்ணு பன்னண்டு. சோத்து நேரந்தான்.

நீலமாயிருச்சுங்க.

கேட்டுட்டா. இந்த நம்பர்ல என்ற குரலு வந்தாத் தெரிஞ்சு போயிருக்குமில்லைங்க, இத்தனை நாளும் கேட்டது அவிய அம்மா இல்லைன்னு. துளசிமணி மேல இருந்த கோவம் இன்னேரம் போயிருக்கும். அது நல்லதுதான். அதுக்குத்தானே உங்ககிட்டக் கேட்டதும்.

பதிலுங்களா? ஒண்ணும் வரலை. சாப்புட்டுக்கிட்டு இருப்பா. கை கழுவோணுமில்ல. ஒண்ணு பதினஞ்சு. கேட்டுட்டா, பேசலை. இப்படித்தான் இருந்திருக்குமுங்களா அவளுக்கு, தெனமும்?

வண்டி நிக்கப்போகுது, திருப்பூர் வந்துருச்சு. எறங்குங்க அம்மிணி. படி உசரம், பாத்து. புள்ள இருக்கற ஊருன்னா, நான் எதுக்குங்க எறங்கறேன், கையில பிரிண்டரு இருக்குதே. பொழுதோட திரும்பி வர்றப்பவும் இதே வழிதான். போங்க. நான் போனைப் பாத்துக்கிட்டே இருக்கறேன்.